பதினேழாம் பக்கம்

பதினோரு பச்சைச் சீட்டுகளையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி எடுத்து வந்திருந்தாள் தையல்நாயகி. அதை மேசைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், "இதுல எது பொய்யின்னு நீங்களே சொல்லுங்க மேடம்" என்றாள்.

ஜெசிந்தாவுக்கு அன்று காலையிலிருந்து அது நூற்றுப் பதினெட்டாவது முகம். அவள் அந்த ஆய்வகத்தின் தலைமைத் தொழில்நுட்பர். கவுண்டரில் உட்கார்ந்து ரத்தம் எடுப்பது அவள் வேலையே இல்லை. எடுக்க வேண்டிய பெண் மூன்று நாளாக லீவு. மாற்று ஆள் கேட்டு எழுதிய கடிதம் எங்கே போய்த் தூங்குகிறதோ. ஐம்பது வயதில் முதுகு ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம் என்று முறை வைத்துக்கொண்டு வலித்தன. ஓய்வு பெற இன்னும் எட்டு வருஷம் இருந்தது.

"உக்காரும்மா. என்ன ஆச்சு?"

"எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறாரு. லால்குடி ரூட்டு. போன செவ்வாக்கெழமை வண்டி எடுக்கப் போனவரு படியிலயே விழுந்துட்டாரு. கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஸ்கேன் எடுத்தா, மூளைல எலுமிச்சம்பழம் தண்டிக்குக் கட்டின்னு சொல்றாங்க. நாலு மாசத்துக்கு முன்னாடிதான் நீங்க பச்சை குடுத்தீங்க."

இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. எல்லா மையங்களிலும் அச்சடித்த மாதிரி அதைத்தான் சொல்வார்கள். ஜெசிந்தாவும் சொன்னாள். "சில கட்டி திடீர்னு வளந்துரும்மா. எந்த டெஸ்ட்டாலயும் எல்லாத்தையும் பிடிக்க முடியாது."

"எலுமிச்சம்பழம் மரத்துலயே நாலு மாசத்துல பழுக்காது மேடம். மண்டைக்குள்ள பழுத்துருமா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமல், முனகல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவர்கள் எல்லோரும் மூளையில் கட்டி இல்லை என்று வருஷா வருஷம் கொடுக்கிற அந்தப் பச்சைச் சீட்டுக்காக வந்தவர்கள். மூளைப் பரிசோதனைச் சட்டம் வந்ததிலிருந்து அது இல்லாமல் ஒன்றும் ஓடாது. பஸ் ஓட்டுகிறவருக்கு வேண்டும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவருக்கு வேண்டும், கிரேன் ஏறுகிறவருக்கு வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஜாதகத்தை வாங்கிக்கொண்டு, "பச்சைச் சீட்டு ஒரு காப்பி குடுங்க" என்று சங்கோஜமில்லாமல் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சீட்டையே ஒருத்தி பொய் என்கிறாள் என்றால் காது தீட்டத்தானே செய்வார்கள்.

ஜெசிந்தா அவளை உள்ளே, மையவிலக்கு இயந்திரம் சுற்றுகிற அறைக்கு அழைத்துப்போனாள்.

"அப்படி என்னதான் பாக்குறீங்க ரத்தத்துல?" என்று கேட்டாள் தையல்நாயகி. சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால் ஜெசிந்தாவுக்கும் ஒழுங்காகச் சொல்லத் தோன்றியது.

"உடம்புல இருக்கற செல்லு எல்லாத்துலயும் ஒரே ஜீன்தாம்மா. வீட்டுக்கு வீடு ஒரே சமையல் புஸ்தகத்தைக் குடுத்த மாதிரி. ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் அவங்கவங்களுக்கு வேண்டிய பக்கத்தைத்தான் திறந்து வச்சிருப்பாங்க. கல்லீரலுக்கு ஒரு பக்கம், தோலுக்கு ஒரு பக்கம். மூளைல சில பக்கம், புள்ள வயித்துல இருக்கறப்ப மட்டும் திறந்திருக்கும். அப்பதான மூளை வளரணும்? பொறந்தப்புறம் ஒடம்பே அந்தப் பக்கத்தை ஒட்டி வச்சிரும்."

"அது திரும்பத் திறந்துக்கிச்சுன்னா?"

"மறுபடி வளர ஆரம்பிக்கும். வளரக் கூடாத எடத்துல. அதான் கட்டி. நாங்க அதுல பதினேழாம் பக்கம்னு ஒண்ணைப் பாக்குறோம். எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு மூளை செல்லு ரத்தத்துல துணுக்குத் துணுக்கா விட்டுக்கிட்டே இருக்கும். மெஷின் அதை எண்ணும்."

"அப்ப புஸ்தகத்துல எழுத்துப் பிழை கெடையாதா?"

"ஒரு எழுத்து மாறியிருக்காது. திறக்கக் கூடாத நேரத்துல திறந்திருக்கும். அவ்வளவுதான். ஆரம்பத்துல பிடிச்சா ஊசி போட்டு மூடிரலாம்."

பூட்டு ஊசி என்று ஊருக்கே தெரிந்த பெயர் அது. ஆறு ஊசி. போட்டுக்கொண்டால் இரண்டு மாதம் வாய்க்கு எதுவும் பிடிக்காது, எழுந்து நடக்கவே அசதியாக இருக்கும். ஆனால் பக்கம் மூடிக்கொள்ளும். கட்டியாகத் திரண்டபிறகு அந்த ஊசி பச்சைத் தண்ணீருக்குச் சமம்.

"அவருக்கு இனிமே பூட்டு ஊசி கெடையாதுன்னுட்டாங்க" என்றாள் தையல்நாயகி. "ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம்னாங்க. எத்தனை நாளுக்குன்னு கேட்டேன். ஒரு வருஷம்னு சொன்னா கூட நல்லா சொன்னதா வச்சுக்கங்கன்னாங்க."

ஜெசிந்தா சீட்டுகளிலிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். "பாத்துட்டுச் சொல்றேம்மா. வெள்ளிக்கெழமை வாங்க."

"பாப்பீங்களா, இல்ல என்னை அனுப்பிவிடறதுக்குச் சொல்றீங்களா?"

"பாப்பேன்."

சொன்னபோது அனுப்பிவிடுவதற்காகத்தான் சொன்னாள். ஆனால் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் எலுமிச்சம்பழச் சாதம். கை போகவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கணினியில் கருணாமூர்த்தி, ஓட்டுநர், லால்குடி என்று தேடி எடுத்தாள்.

சீட்டில் நிறம் மட்டும்தான் அச்சாகும். எண் உள்ளேதான் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையில்லை என்பதற்காகத்தானே நிறம் வைத்தார்கள். பதினேழாம் பக்கத்தின் எண் அறுபதைத் தாண்டினால் மஞ்சள், நூறைத் தாண்டினால் சிவப்பு. குறைந்தால் நல்லதுதானே, பச்சை. அறுபது என்பது ஆரோக்கியமான மனிதனின் அளவு. தர மாதிரி என்று ஃப்ரீசரில் உறைய வைத்திருக்கும் ரத்தத்தின் அளவு அது.

கருணாமூர்த்தியின் பதினோரு வருஷ எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. நான்கு, நான்கு, ஐந்து, நான்கு, ஐந்து. பிறகு பதிமூன்று. இருபத்தொன்று. முப்பது. முப்பத்தொன்பது. நாற்பத்தெட்டு. கடைசியாக ஐம்பத்தேழு. மாடிப்படி ஏறுகிற மாதிரி நிதானமாக ஏறியிருந்தது. அறுபதுக்குக் கீழேயே ஏறியதால் ஒரு வருஷம் தவறாமல் பச்சை.

ஜெசிந்தா மற்றவர்களின் எண்களை எடுத்தாள். ஆயிரம் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு சொச்சம் பேருக்கு நான்கு, ஐந்து. எங்கேயோ ஒன்றிரண்டு பேருக்கு இருபது, முப்பது. ஊரில் உள்ள ஜனமெல்லாம் நான்கும் ஐந்துமாக இருக்க, ஆரோக்கியத்துக்கு அளவுகோல் என்று வைத்திருப்பது மட்டும் எப்படி அறுபது? பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் அந்த அறுபதைப் பார்த்திருக்கிறாள். தர மாதிரியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைப்பாள், அறுபது வரும், மெஷின் சரி என்று கையெழுத்துப் போடுவாள். இத்தனை நாளில் ஒரு நாள்கூட அறுபது ஏன் என்று கேட்டதில்லை. வேறு யார் கேட்காவிட்டாலும் அவள் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அது யாருடைய ரத்தம் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் அவள் ஒருத்தி.

இன்னொருவர் நிலைய இயக்குநர் டாக்டர் தாஜுதீன். அறையில் தனியாக இருந்தால் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை எதிர் நாற்காலியில் போட்டுக்கொள்வார், முட்டி வலி. ஜெசிந்தா உள்ளே வந்ததும் காலை இறக்கப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கவும் மறந்துபோனார். அவள் தாளை நீட்டினாள். இரண்டு முறை படித்தார்.

"அந்த அறுபது என்னோடது சார்" என்றாள் ஜெசிந்தா.

"தெரியும்" என்றார் அவர்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. நல்ல ஆரோக்கியமான முப்பது பேரைத் தேடிப்பிடித்து, ஒரு மாதம் அலைந்து, ரத்தம் சேகரித்து ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மின்சாரம் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் போட வேண்டியவர், இன்னொருவர் போட்டிருப்பார் என்று இருந்துவிட்டார். முப்பது பேர் ரத்தமும் வீணானது. மெஷினை அளவு பிடிக்க ரத்தம் இல்லை. எந்த ஊர் ஆய்வகத்தில் எந்தத் தொழில்நுட்பரைக் கேட்டாலும் சொல்வார்கள், புது மெஷின் வந்தால் முதலில் ஓட்டிப் பார்ப்பது தன் ரத்தத்தைத்தான். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது அதுதானே. ஜெசிந்தா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். முப்பது பேர் பெயரில் லேபிள் ஏற்கெனவே அச்சாகிக் கிடந்தது. முப்பது சின்னக் குப்பிகளிலும் தன் ரத்தத்தையே ஊற்றி ஒட்டிவிட்டாள். விழா முடியட்டும், அடுத்த வாரமே மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அடுத்த வாரம் எட்டு மாவட்டத்துக்காரர்கள் வந்து, முன்மாதிரி மையத்தின் அளவு இதுதானே என்று அறுபதை எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எதை மாற்றுவது, யாரிடம் போய்ச் சொல்வது? நம் ஆபீசுகளில் தற்காலிகமாக வைத்த எதுதான் எடுக்கப்பட்டிருக்கிறது?

"அப்ப..." என்று ஆரம்பித்தார் தாஜுதீன். முடிக்கவில்லை.

"சொல்லுங்க சார். எனக்கு அப்பவே அந்தப் பக்கம் திறந்திருந்திருக்கு. அதான?"

"அறுபதுன்னா அப்பவே கட்டி இருந்திருக்கணும். பதினோரு வருஷம் தாங்காதும்மா. ஆனா சில கட்டி மெதுவா வளரும். நீங்க ஒரு தடவையாவது உங்க ரத்தத்தை ஓட்டிப் பாத்தீங்களா?"

"நான்தான் நார்மல். என்னை எதோட ஒப்பிட்டுப் பாக்கறது?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது.

மறுநாள் காலை ஸ்கேன். அந்தக் குழாய்க்குள் படுத்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதை வெளியே சொல்ல முடியாது. வருஷக்கணக்காக இந்த அசதி. காலையில் எழுந்திருக்கும்போதே அந்த நாள் முடிந்துவிடக் கூடாதா என்றிருக்கும். கணவர் லூர்து எதையாவது கேட்டால் பதில் சொல்லவே சலிப்பாக இருக்கும். இதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது, தலைக்குள்ளே இருக்கிறது என்று ஆகிவிட்டால் ஒரு வகையில் நிம்மதி என்று நினைத்தாள். நினைத்த கையோடு வெட்கப்பட்டாள்.

பதினோரு மணிக்கு முடிவு வந்தது. மூளை சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. புதிதாக எடுத்த ரத்தத்தில் பதினேழாம் பக்கம் நான்கு. ஊரில் எல்லோரையும் போல நான்கு.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் தாஜுதீன். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப அறுபது எங்க இருந்து வந்துச்சு? குப்பில ஏதாச்சும் கலந்திருக்குமா? மெஷின் தப்பா?"

"இன்னிக்குக் காலைலயும் ஓட்டினேன் சார். அறுபதுதான். ஃப்ரீசர்ல மிச்சம் இருக்கற ஏழு குப்பியையும் தனித்தனியா ஓட்டினேன். ஏழும் அறுபது."

தாஜுதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யோசிக்கும்போது அவருக்கு எதிரே முகம் இருக்கக் கூடாது. "மெஷின் பொய் சொல்லலைன்னா, அன்னிக்கு அந்த ரத்தத்துல ஒரு மூளை வளந்துக்கிட்டு இருந்திருக்கு. உங்களுக்குக் கட்டி இல்லை. அப்ப வேற யாரோட மூளை..."

சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், முப்பது வருஷ டாக்டர். நிறுத்தியபிறகு திரும்பிப் பார்க்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஜெசிந்தா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லேபிள்ல என்ன தேதி சார்?"

"ஏப்ரல் ஒம்பது."

"இருபத்திமூணாம் தேதி எனக்குக் கலைஞ்சிருச்சு." குரல் நிதானமாகத்தான் வந்தது. "அதுக்கு முன்னாடி எனக்கே தெரியாது சார். கல்யாணமாகிப் பதிமூணு வருஷம். முப்பத்தொம்பது வயசு. நாள் தள்ளிப்போனா, நிக்கப் போகுதுன்னுதான் நெனச்சேன். கிளினிக்ல, பதிமூணு வாரம்னாங்க. காய்ச்சல்னு எழுதிக்குடுத்து நாலு நாள் லீவு எடுத்தேனே, அப்பதான். யார்கிட்டயும் சொல்லலை. நானும் லூர்தும் பேசி முடிவு பண்ணினோம். சொன்னா சொந்தபந்தமெல்லாம் துக்கம் கேக்க வந்துரும். வர்றவங்களுக்கெல்லாம் காபி போட்டுக் குடுக்க எனக்குத் தெம்பில்லைன்னேன். சரி, வேண்டாம்னாரு."

கரு வளரும்போது திறந்திருக்கும் பக்கம். பிறந்தபிறகு ஒட்டிவைக்கப்படும் பக்கம். நேற்றுத்தான் யாரோ ஒரு பெண்ணுக்கு அதைச் சாங்கோபாங்கமாக விளக்கியிருந்தாள். தாயின் ரத்தத்தில் பிள்ளையின் துணுக்குகளும் ஓடும் என்று அவள் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். ஒன்பது மாவட்டமும் பதினோரு வருஷமாக ஆரோக்கியம் என்று எடுத்து வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தது அவளை அல்ல, அவள் பிள்ளையை. தினமும் காலையில் ஒரு சொட்டு எடுத்து வைத்து, சரி என்று அவள் கையெழுத்துப் போட்டது எதற்கு என்று நினைத்தபோது, பதினோரு வருஷத்தில் அழாத அழுகை அந்த அறையில் வந்தது. தாஜுதீன் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அவருக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "அன்னிக்கு முப்பது குப்பி எடுத்தேன் சார். அதனாலதான் போச்சா?"

"இல்லைம்மா. அது ஒரு டம்ளர் ரத்தம்கூடக் கெடையாது. அதனால எதுவும் ஆகாது."

"நெசமாவா?"

"என் பிள்ளைங்க மேல ஆணையா."

ஏன் போனது என்று கேட்க அவளுக்குப் பதினோரு வருஷமாக ஆள் இல்லாமல் இருந்தது. கேட்டபிறகு தோள்பட்டையில் ஏதோ கழன்றது.

தாஜுதீன் கெட்ட செய்தி சொல்லும்போது டாக்டர்களுக்கு வரும் மெதுவான குரலில் ஆரம்பித்தார். "தர மாதிரியை வாபஸ் வாங்கித்தான் ஆகணும். அதுல பேச்சே இல்லை. ஆனா காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. மெஷின் கோளாறு, இந்த மாசத்துல இருந்துன்னு எழுதிட்டா, இந்த மாச ரிப்போர்ட்டை மட்டும் திரும்பப் பாப்பாங்க. இனிமே எல்லா ஊர்லயும் அளவு சரியாயிரும். பழைய ஆளுங்க அடுத்த வருஷ டெஸ்ட்ல தானா மாட்டிருவாங்க. நம்ம ஊர்ல நம்பர் ஏறுறவங்களை நாளைக்கே வேற ஏதாச்சும் சாக்கு சொல்லிக் கூப்பிட்டுக்கலாம்."

"மத்த எட்டு மாவட்டம்?"

"அவங்க நம்பரை நாம பாக்க முடியாதும்மா."

"அடுத்த வருஷம் வரைக்கும் அந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருக்குமா சார்?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். "நீங்க உண்மையை எழுதினீங்கன்னா, முதல் நாள்லேர்ந்து தப்புன்னு ஆயிரும். பதினோரு வருஷப் பச்சையும் செல்லாது. லட்சக்கணக்கான பேரு ஒரே நாள்ல வாசல்ல வந்து நிப்பாங்க. முப்பது பேரு ரத்தம்னு பொய் லேபிள் ஒட்டினதுக்கு உங்க மேல கேஸ் வரும். என் மேலயும் வரும், வரட்டும், நான் சொல்லித்தான செஞ்சீங்க. ஆனா வெறும் கேஸோட போகாது. கலைஞ்ச தேதிக்கு ஆதாரம் கேப்பாங்க. கிளினிக் பேப்பர் கேப்பாங்க. நாலு பேரு உக்காந்து அதைப் படிப்பாங்க. துக்கம் கேக்க வர்றவங்களுக்கே பயந்தவங்க நீங்க. நல்லா யோசிச்சுக்குங்க."

அவர் மிரட்டவில்லை. அவளுக்காகத்தான் சொன்னார், தனக்காகவும் கொஞ்சம் சொன்னார். ஜெசிந்தாவுக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்குப் போய் லூர்துவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேன் எப்படி என்று கேட்டார். ஒண்ணுமில்லை என்றாள். ரசம் வைத்தாள், அப்பளம் பொரித்தாள். மெஷின் கோளாறு என்று எழுதுவது எவ்வளவு சுலபம் என்று பொரிந்துகொண்டிருந்த அப்பளத்தைப் பார்த்தபடி நினைத்தாள். இரண்டே வார்த்தை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே தையல்நாயகி வந்துவிட்டாள். ஜெசிந்தா எண்களை அச்செடுத்து வைத்திருந்தாள். எண்ணைக் காட்டக் கூடாது என்று விதி இருந்தது. இத்தனை விதிகளை மீறியபிறகு இது ஒன்று.

தையல்நாயகி விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு இறங்கினாள்.

"ஆறாவதுலேர்ந்து ஏறுது."

"ஆமாம்மா."

"அது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. அப்பவே சொல்லியிருந்தா?"

"பூட்டு ஊசி போட்டிருப்பாங்க. பெரும்பாலும் மூடியிருக்கும்." ஜெசிந்தா நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். "உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லை, விதி மேலயும் தப்பில்லை. நாங்க வச்சிருந்த அளவு தப்பு. எங்க தப்பு. என் தப்பு."

தையல்நாயகி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவள் தாளை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்தாள்.

"பச்சை வந்த அன்னிக்கு அவரு அல்வா வாங்கிட்டு வருவாரு மேடம். வருஷா வருஷம். கால் கிலோ. ஆறாவது வருஷமும் வாங்கிட்டு வந்தாரு. நாங்க எல்லாரும் உக்காந்து தின்னோம்."

ஜெசிந்தாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எங்க கொழுந்தனாரும் பஸ்ஸுதான் ஓட்டுறாரு" என்றாள் தையல்நாயகி. "புதுக்கோட்டைல டெஸ்ட் எடுக்கறாரு. அவருக்கும் பச்சைதான். ரெண்டு மாசமா தலைவலின்னு சொல்றாரு. பச்சை இருக்குல்ல, வெயில்ல ஓட்டுறது தலைவலின்னு நாந்தான் சொன்னேன். அவரு சீட்டை நம்பலாமா?"

புதுக்கோட்டையும் அந்த எட்டில் ஒன்று. ஜெசிந்தாவின் கணினியில் அவன் எண் வராது. ஐந்தாக இருக்கலாம். வெறும் வெயிலாகவே இருக்கலாம். பதிமூன்றாகவோ இருபத்தொன்றாகவோகூட இருக்கலாம். அப்படி இருந்தால் ஆறு ஊசியில் மூடிக்கொள்ளும், இந்த மாதம் போட்டால்.

"நம்பாதீங்க" என்றாள். "நாளைக்கே போய்த் திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்லுங்க."

"சொன்னா எடுப்பாங்களா? வருஷத்துக்கு ஒருக்காதான்னு விரட்டுவாங்க."

"விரட்ட மாட்டாங்க. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள அவங்களுக்கு எங்ககிட்டேர்ந்து உத்தரவு போயிரும்."

சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் தான் முடிவெடுத்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. தையல்நாயகி நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கொழுந்தனுக்குப் போன் போட்டுக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

தர மாதிரி திரும்பப் பெறும் படிவம் கணினியில் இருந்தது. பதினோரு வருஷத்தில் யாரும் திறக்காத படிவம். ஜெசிந்தா தாஜுதீனின் அறையிலேயே உட்கார்ந்து நிரப்பினாள். அவர் தடுக்கவில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

பிழை தொடங்கிய நாள்: முதல் நாள் என்று எழுதினாள். காரணம்: மாதிரி எடுக்கப்பட்டபோது ரத்தம் அளித்தவர் கருவுற்றிருந்தார், அளவில் பதிவாகியிருப்பது சிசுவின் மூளை வளர்ச்சி. ரத்தம் அளித்தோர் எண்ணிக்கை என்ற இடத்தில் முப்பது என்று ஏற்கெனவே இருந்தது. அதை அழித்துவிட்டு ஒன்று என்று அடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் அழித்துவிட்டு இரண்டு என்று அடித்தாள். உடனே கீழே இரண்டு வரிசை விரிந்தது. முதல் வரிசையில் ஜெசிந்தா, வயது முப்பத்தொன்பது. இரண்டாவது வரிசையில் வயது என்ற கட்டத்தில் பதினொரு வாரம் என்று எழுதினாள். பெயர்க் கட்டத்தை விட்டுவிட்டாள்.

தாஜுதீன் எழுந்து வந்து படித்தார். தன் கட்டைவிரலைத் திரையில் வைத்து ஒப்புதல் கொடுத்தார். "அனுப்புங்க" என்றார்.

அனுப்பினாள். போகவில்லை. பெயர்க் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு வந்தது. பெயர் இல்லாமல் படிவத்தை ஏற்க இயலாது.

"எதையாச்சும் போடுங்கம்மா" என்றார் தாஜுதீன். "சிசுன்னு போடுங்க."

ஜெசிந்தா சிசு என்று அடித்துப் பார்த்தாள். அவளால் அதை அப்படியே விட முடியவில்லை. அழித்தாள். கைப்பேசியை எடுத்து லூர்துவைக் கூப்பிட்டாள். அவர் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் இருந்தார். பின்னால் இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நம்ம பிள்ளைக்கு ஒரு பேரு வேணும்ங்க" என்றாள். "இப்பவே."

இரும்புச் சத்தம் நின்றது. எந்தப் பிள்ளை என்றோ, எதற்கு என்றோ அவர் கேட்கவில்லை. அவர்களுக்கு இருந்ததே ஒன்றுதான்.

"சகாயம்" என்றார் லூர்து. யோசிக்கவே இல்லை. பதினோரு வருஷமாகத் தினமும் கூப்பிட்டுப் பழகிய பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். "ஆணோ பொண்ணோ, ரெண்டுக்கும் பொருந்தும்ல?"

அவர் இத்தனை நாளாக அதை வைத்திருந்தது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு, ஒற்றைக் கையால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். சிவப்புக் கோடு மறைந்தது. படிவம் ஒன்பது மாவட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது.